பெட்டியில் ஒரு எண், உள்ளே வேறொரு எண்: திரும்பி வந்த பிஎஸ்5 ஒன்றின் கதை

டாலஸ் அருகே பிளேனோவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு 2025 அக்டோபர் 15, புதன்கிழமை மாலை ஒரு பெட்டி வந்தது. உள்ளே பிளேஸ்டேஷன் 5 (சுருக்கமாகப் பிஎஸ்5) என்ற வீடியோ கேம் கன்சோல், ஸ்லிம் மாடல், டிஸ்க் டிரைவோடு. சென்னை அம்பத்தூரில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் அக்கா மகனுக்காக வாங்கியது. அரையாண்டு விடுமுறைக்கு மாமா கொண்டு வருவார் என்று அவன் நாள் எண்ணிக்கொண்டிருந்தான்.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 21 அன்று சோனி அமெரிக்காவில் பிஎஸ்5 விலையை 50 டாலர் ஏற்றியிருந்தது. 499.99 டாலராக இருந்த டிஸ்க் மாடல் 549.99 ஆனது. டெக்சாஸில் எங்கள் ஊர் விற்பனை வரி 8.25 சதவீதம். எல்லாம் சேர்த்தால் 595 டாலர். அதே கன்சோல், ஒரு ஆன்லைன் கடையில், ‘ஓப்பன் பாக்ஸ், மிக நல்ல நிலை’ என்ற பெயரில் 454.99க்குக் கிடைத்தது. வரியோடு பார்த்தால் நூறு டாலருக்குக் கொஞ்சம் மேலே மிச்சம். அந்தப் பணத்தில் இரண்டு ஆட்டங்களும் சேர்த்து வாங்கிக் கொடுக்கலாம் என்று நினைத்தேன்.

இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் அக்காவே இதில் குழம்பினார். அங்கே ‘ஓப்பன் பாக்ஸ் டெலிவரி’ என்றால், புதுப் பெட்டியை டெலிவரி தம்பி நம் கண் முன்னால் பிரித்துக் காட்டி, சரியாக இருந்தால் ஓடிபி வாங்கிக்கொண்டு போவது. அது வாங்குபவருக்கான பாதுகாப்பு. நான் வாங்கியது வேறு. ஒருவர் வாங்கி, பிரித்து, ஏதோ காரணத்துக்காகத் திருப்பிக் கொடுத்ததை, கடை சோதித்துப் பார்த்துக் குறைந்த விலைக்கு மறுபடி விற்பது. பெயர் ஏறக்குறைய ஒன்றுதான். நிலைமை நேர் எதிர். முதல் வகையில் பெட்டியைத் திறக்கும்போது நீங்கள் அங்கே நிற்கிறீர்கள். இரண்டாவதில், யாரோ எப்போதோ திறந்து முடித்த பிறகுதான் நீங்கள் வருகிறீர்கள்.

அன்று மாலை நான் செய்தது பத்து நிமிட வேலை. பெட்டியைத் திறந்தேன். கன்சோல் பளபளவென்று இருந்தது, ஒரு கீறல் இல்லை. கன்ட்ரோலர், கேபிள்கள், நிறுத்தி வைக்கும் சிறு கால்கள் எல்லாம் இருந்தன. டிவியில் சொருகினேன். லோகோ வந்தது, மொழியைத் தேர்ந்தெடுக்கும் திரை வந்தது, கன்ட்ரோலர் இணைந்தது. அணைத்துவிட்டேன். அவன் கையால் முதல்முறை அமைக்கட்டும் என்று இணையத்தோடு இணைக்கவில்லை, டிஸ்க் எதுவும் போட்டுப் பார்க்கவில்லை. முன்னால், பின்னால், பக்கவாட்டில் என்று ஏழு படங்கள் எடுத்து அவனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ‘மாமா சூப்பர்’ என்று பதில் வந்தது. பெட்டியை மூடி அலமாரியின் மேல் தட்டில் வைத்தேன். டிசம்பர் 13 விமானம் ஏறும் வரை அது அங்கேயே இருந்தது.

கடையின் ரிட்டர்ன் காலம் 30 நாள். நவம்பர் முதல் தேதிக்குப் பிறகு வாங்கியிருந்தால் பண்டிகைக் காலச் சலுகையில் ஜனவரி நடுப்பகுதி வரை நேரம் இருந்திருக்கும். நான் முன்கூட்டியே வாங்கியதால் அந்தச் சலுகை எனக்கு இல்லை.

ரிச்சி தெரு

அம்பத்தூரில் முதல் சில நாட்கள் பிரச்சினை இல்லை. பிஎஸ்5-இன் பவர் சப்ளை 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும் என்பதால் தனியாக டிரான்ஸ்ஃபார்மர் தேவைப்படவில்லை. ஸ்லிம் மாடலில் கழற்றி மாட்டக்கூடிய டிஸ்க் டிரைவை முதல் தடவை இணையம் வழியாகப் பதிவு செய்ய வேண்டும். அதுவும் தடங்கலில்லாமல் முடிந்தது. சின்னச் சின்ன ஆட்டங்கள் நன்றாக ஓடின. கிராஃபிக்ஸ் கனமான ஆட்டம் ஒன்றைப் போட்டதும்தான் தொல்லை ஆரம்பித்தது. இருபது நிமிடத்தில் ஃபேன் சத்தம் ஏறும், இன்னும் பத்து நிமிடத்தில் கன்சோல் அதிகமாகச் சூடாகிவிட்டது என்று திரையில் எச்சரிக்கை வரும், பிறகு அணைந்துவிடும். முதலில் டிவி ஸ்டாண்டின் அடைசலைக் குறை சொன்னோம். வெளியே எடுத்து மேஜையில் வைத்தோம். அப்புறம் சென்னை வெயிலைக் குறை சொன்னோம், டிசம்பர் மாதத்தில். ஏசி அறையிலும் அதே கதைதான்.

டிசம்பர் 29 அன்று ரிச்சி தெருவுக்கு எடுத்துக்கொண்டு போனோம். அண்ணா சாலையை ஒட்டி, சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் இருக்கும் அந்தத் தெருவில் கன்சோல் ரிப்பேர் மட்டுமே பார்க்கும் ஆட்கள் இருக்கிறார்கள். நாங்கள் போன கடை மாடிப்படிக்குக் கீழே, ஆறடிக்கு ஆறடி இருக்கும். அங்கிருந்த அண்ணன் மேல் மூடியைக் கழற்றி விளக்கைச் சாய்த்துப் பிடித்தார். ஒரு நிமிடம் எதுவும் பேசவில்லை.

“சார், இதை நீங்க பிரிச்சீங்களா?”

“இல்லண்ணா, வாங்கினது அப்படியே இருக்கு.”

“யாரோ பிரிச்சிருக்காங்க. ஸ்க்ரூ தலையைப் பாருங்க.”

நட்சத்திர வடிவத் தலை கொண்ட அந்த ஸ்க்ரூக்களில் மூன்றின் ஓரம் தேய்ந்திருந்தது. பொருந்தாத ஸ்க்ரூடிரைவர் போட்டுத் திருகியதன் அடையாளம். என் சம்மதத்தோடு அவர் உள்ளே போனார். சிப்பின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்கைத் தூக்கியதும் காரணம் தெரிந்தது.

பிஎஸ்5-இன் முக்கியச் சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் வெப்பம் கடத்தும் சாதாரணப் பேஸ்ட் இருக்காது. லிக்விட் மெட்டல், அதாவது திரவ உலோகம், இருக்கும். 2020 அக்டோபரில், கன்சோல் வெளிவருவதற்கு முன்பே, சோனி தன் பொறியாளர் ஒருவரை வைத்து அதைப் பிரித்துக் காட்டி வெளியிட்ட வீடியோவிலேயே இதைச் சொல்லியிருந்தார்கள். வெப்பத்தை வேகமாகக் கடத்தும், ஆனால் மின்சாரத்தையும் கடத்தும் என்பதால் சுற்றிலும் தடுப்பு வைத்து அடைத்திருப்பார்கள். எங்கள் கன்சோலில் யாரோ அந்த உலோகத்தைத் துடைத்து எடுத்துவிட்டு, கம்ப்யூட்டர் கடையில் கிடைக்கும் சாம்பல் நிறப் பேஸ்ட்டைத் தடவியிருந்தார்கள். ஓரத்தில் உலோகத் துளிகள் ஒன்றிரண்டு இன்னும் ஒட்டியிருந்தன. மொழித் திரைக்கும் சிறு ஆட்டங்களுக்கும் அந்தப் பேஸ்ட் போதும். கனமான ஆட்டத்துக்குப் போதாது.

அண்ணன் அடுத்துக் கேட்ட கேள்விதான் இந்த முழு விவகாரத்தையும் திறந்தது. “பாக்ஸ் வச்சிருக்கீங்களா சார்? அதுல இருக்கிற சீரியல் நம்பரும் இதுல இருக்கிறதும் ஒண்ணா?”

பெட்டி அம்பத்தூரில் இருந்தது. அக்காவுக்கு போன் போட்டுப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். கன்சோலின் பின்புற ஸ்டிக்கரில் இருந்த எண்ணை அக்கா மகன் உரக்கப் படித்தான், நான் படத்தில் இருந்ததைப் பார்த்துக்கொண்டே வந்தேன். நடுவில் எங்கேயோ பிரிந்தன. கடைசி ஆறு இலக்கங்களும் வேறு.

இரண்டு கன்சோல்களின் கதை

அன்று இரவு உட்கார்ந்து யோசித்துப் பார்த்தபோது கிடைத்த விளக்கம் ஒன்றுதான். நான் அதைக் கண்ணால் பார்க்கவில்லை. ஆனால் எல்லாத் தடயமும் அதற்குத்தான் பொருந்துகிறது. யாரோ ஒருவரின் பழைய ஸ்லிம் சூடாக ஆரம்பித்திருக்கிறது. அவர் தானே பிரித்துச் சரிசெய்யப் பார்த்திருக்கிறார், முடியவில்லை. புதிதாக ஒன்று வாங்கி, புதியதை வைத்துக்கொண்டு, பழையதைத் துடைத்துப் புதுப் பெட்டியில் வைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கடை ஊழியர் பெட்டியின் பார்கோடை ஸ்கேன் செய்திருப்பார், உள்ளே கன்சோல் இருக்கிறதா என்று பார்த்திருப்பார், ஒருவேளை என்னைப் போலவே மொழித் திரை வரை ஏற்றிப் பார்த்திருப்பார். இரண்டும் ஒரே மாடல் என்பதால் தோற்றத்திலும் எடையிலும் வித்தியாசம் தெரியாது. 4.5 கிலோ எடையுள்ள முதல் தலைமுறை கன்சோலை 3.2 கிலோ ஸ்லிம் பெட்டிக்குள் திணித்திருந்தால் கை கண்டுபிடித்திருக்கும்.

உற்பத்தியாளரின் ஆதரவு எண்ணுக்கு அழைத்து இரண்டு எண்களையும் கொடுத்தேன். பெட்டி எண்ணுக்கு வாரன்ட்டி இருந்தது. என் கையில் இருந்த இயந்திரத்தின் எண்ணுக்கு 2025 தொடக்கத்திலேயே முடிந்திருந்தது. அவர்கள் சொன்னதில் தவறு எதுவும் இல்லை. வாரன்ட்டி இயந்திரத்தோடு போகிறது, அட்டைப் பெட்டியோடு அல்ல.

என்னை உண்மையில் கலங்க வைத்தது அடுத்த அழைப்பு. கடைக்கு அழைத்து நடந்ததைச் சொன்னேன். முப்பது நாள் கடந்துவிட்டது என்பது முதல் பதில். எண் மாறியிருக்கிறது என்று விளக்கியதும், “எங்கள் பதிவில் உள்ள எண் பெட்டியில் உள்ள எண்தான், வேறு எண் கொண்ட பொருளை எங்களால் திரும்பப் பெற முடியாது” என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். ஆனால் அதன் பொருளை நினைத்துப் பாருங்கள். முதல் ஆள் செய்த மாற்றத்தைக் கடை கவனிக்கவில்லை. அதே கடை, அதே எண்ணை வைத்து, இப்போது என்னைச் சந்தேகப்படுகிறது. அவர்கள் கண்ணுக்கு நான்தான் பழைய கன்சோலைக் கொண்டு வந்து மாற்றப் பார்க்கும் ஆள். இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு என் தலையில். கீறல், காணாமல் போன கேபிள் எல்லாம் சின்ன விஷயம். ஓப்பன் பாக்ஸில் உள்ள பெரிய ஆபத்து, முன்பு அதை வைத்திருந்தவர் செய்த காரியம் உங்கள் பெயரில் வந்து ஒட்டிக்கொள்வது.

இதில் கன்சோல்கள் மற்றப் பொருட்களைவிட மோசம். ஒரு மிக்சியை யார் வைத்திருந்தார் என்பது அந்த மிக்சிக்குத் தெரியாது. கன்சோல் தன் அடையாள எண்ணோடு நிறுவனத்தின் சர்வரில் பதிவாகியிருக்கிறது. 2009 நவம்பரில் மைக்ரோசாஃப்ட், மாற்றியமைக்கப்பட்ட எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோல்களை எக்ஸ்பாக்ஸ் லைவ் என்ற தன் இணையச் சேவையில் இருந்து மொத்தமாகத் தடை செய்தது. அப்போது இருந்த சுமார் 2 கோடி உறுப்பினர்களில் சிறு விழுக்காடுதான் என்றார்கள். தடை கணக்குக்கு அல்ல, கன்சோலுக்கு. உடனே என்ன நடந்தது என்றால், தடைபட்ட கன்சோல்கள் பழைய பொருள் விளம்பரங்களில் வந்து குவிந்தன. விவரம் தெரியாமல் வாங்கியவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

2025 ஜூன் 5 அன்று நின்டெண்டோ நிறுவனத்தின் ஸ்விட்ச் 2 கன்சோல் வந்தபோது அதே கதை புது வடிவில் திரும்பியது. நகல் ஆட்டங்களை ஏற்றும் ஃப்ளாஷ் கார்ட்ரிட்ஜ் போட்டவர்களின் கன்சோல்களை நின்டெண்டோ சில வாரங்களிலேயே இணையச் சேவையில் இருந்து தடை செய்தது. திரையில் 2124-4508 என்ற பிழை எண் வரும். ஃபேக்டரி ரீசெட் செய்தாலும் போகாது. அந்தக் கன்சோல்களில் சில கைமாறின. பெரிய சில்லறைக் கடையில் இருந்து திரும்பி வந்த ஸ்விட்ச் 2-வை வாங்கி, வீட்டில் போட்டதும் அந்த எண்ணைப் பார்த்தவர்களைப் பற்றி அந்தக் கோடையில் செய்திகள் வந்தன. ஸ்விட்ச் 2-இன் கேம் கீ கார்டு வகை அட்டைகளில் முழு ஆட்டமும் இருக்காது, முதல் தடவை இணையத்தில் இருந்து இறக்கியாக வேண்டும். தடைபட்ட கன்சோலில் அந்த அட்டைகள் வெறும் பிளாஸ்டிக். கடைக்காரர் ஆன் செய்து பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். இணையத்தோடு இணைத்தால்தான் தெரியும்.

எனக்கு வந்தது தடைபட்ட கன்சோல் அல்ல. ஆனால் மூன்று நிகழ்விலும் மூலம் ஒன்று: விற்பவர் சோதித்தது உடலை, பிரச்சினை இருந்தது அடையாளத்தில்.

பணம் திரும்பி வந்த வழி

ஜனவரி 4 அன்று டாலஸ் திரும்பினேன். கன்சோலை அம்பத்தூரிலேயே விட்டுவிட்டு வந்தேன். ரிச்சி தெரு அண்ணன் அதை மேற்கொண்டு தொட வேண்டாம் என்று சொல்லி, பிரித்தபோது எடுத்த படங்களையும் எனக்கு அனுப்பியிருந்தார். லிக்விட் மெட்டல் மறுபடி போட்டுத் தருகிறேன் என்று சொல்லிக் காசு வாங்கியிருக்கலாம். “முதல்ல விற்றவன்கிட்ட கேளுங்க சார், நான் கை வச்சா உங்க ஆதாரம் போயிடும்” என்றார். அந்த நல்ல மனதுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

ஆதாரம் என்றதும்தான் அந்த ஏழு வாட்ஸ்அப் படங்கள் ஞாபகம் வந்தன. ஐந்தாவது படம் கன்சோலின் பின்புறம், ஹெச்டிஎம்ஐ துளை தெரியட்டும் என்று எடுத்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். ஸ்டிக்கரும் எண்ணும் படிக்கும்படி இருந்தன. அதே பழைய எண். படத்தின் நேரம் அக்டோபர் 15, மாலை 6:52. கூரியர் நிறுவனத்தின் டெலிவரி பதிவு மாலை 6:11. நாற்பத்தோரு நிமிட இடைவெளி.

அமெரிக்காவில் கிரெடிட் கார்டில் வாங்கினால் இதற்கு ஒரு பாதை உண்டு. 1974-இல் வந்த சட்டம் ஒன்று, ஒப்புக்கொண்டபடி வராத பொருளுக்கான கட்டணத்தை எதிர்த்துக் கார்டு நிறுவனத்திடம் முறையிடும் உரிமையைக் கொடுக்கிறது. சட்டம் சொல்லும் கெடு பில் வந்ததில் இருந்து 60 நாள்; விசா, மாஸ்டர்கார்டு போன்ற கார்டு வலையமைப்புகளின் சொந்த விதிகளில் ‘பொருள் சொன்னபடி இல்லை’ என்ற வகைக்கு 120 நாள் வரை இடம் இருக்கிறது. நான் 86-ஆம் நாளில், ஜனவரி 9 அன்று விண்ணப்பித்தேன். கடை எதிர்த்தது, அதே எண் வாதம்தான். பதிலாக நான் அனுப்பியது நான்கு பக்கம்: டெலிவரி பதிவு, அந்தப் படம், பெட்டி ஸ்டிக்கர், ரிச்சி தெருவில் எடுத்த படங்கள். பொருளைத் திருப்பித் தரத் தயார் என்றும் எழுதினேன். பொங்கல் முடிந்து திரும்பிய நண்பர் ஒருவர் அதைத் தன் பெட்டியில் வைத்து டாலஸுக்குக் கொண்டு வந்தார். பிப்ரவரி 24 அன்று முழுத் தொகையும் என் கணக்கில் வந்தது.

டெபிட் கார்டிலோ பரிசு அட்டையிலோ வாங்கியிருந்தால் இவ்வளவு எளிதாக முடிந்திருக்காது. அந்தப் படத்தில் ஹெச்டிஎம்ஐ துளைக்குப் பதில் முன்பக்கம் மட்டும் விழுந்திருந்தால் சுத்தமாக முடிந்திருக்காது. தற்செயலாக எடுத்த படம் காப்பாற்றியது. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

இனி வாங்குபவர்கள் கூரியர் ஆள் படி இறங்குவதற்குள் கேமராவை ஆன் செய்துவிடுங்கள். பிரிக்காத பெட்டியின் ஸ்டிக்கர், பிரிப்பது, கன்சோல் ஸ்டிக்கர், எல்லாம் வெட்டாத ஒரே வீடியோவில் வர வேண்டும். இரண்டு எண்ணும் வேறாக இருந்தால் சொருகவே வேண்டாம், அன்றைக்கே திருப்பி அனுப்புங்கள். ஸ்விட்ச், எக்ஸ்பாக்ஸ் இரண்டிலும் செட்டிங்ஸுக்குள்ளேயே எண்ணைப் பார்க்கலாம். ஸ்டிக்கரோடு அதையும் ஒப்பிடுங்கள், ஸ்டிக்கரை உரித்து ஒட்ட முடியும். பிறகு இணையத்தோடு இணைத்து ஆன்லைன் கடைக்குள் போக முடிகிறதா என்று பாருங்கள். டிஸ்க் போடுங்கள். மிகக் கனமான ஆட்டத்தை இரண்டு மணி நேரம் ஓட விடுங்கள். ஆட்டத்தோடு சேர்ந்த பண்டில் என்றால் அந்த ஆட்டத்தை இறக்குவதற்கான குறியீடு ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டிருக்கிறதா என்பதையும் அன்றே பார்க்க வேண்டும். பரிசாகக் கொடுக்கப் போவதாக இருந்தாலும் இதைச் செய்யுங்கள்; புதிதாகத் திறக்கும் சந்தோஷம் அந்தப் பெட்டியில் ஏற்கெனவே போய்விட்டது. இன்னொரு நாட்டுக்கு எடுத்துப் போவதாக இருந்தால் ஓப்பன் பாக்ஸ் வாங்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

விலை குறைவாக வேண்டுமானால், அமெரிக்காவில் உற்பத்தியாளரே பழுது பார்த்து விற்பவை இருக்கின்றன. நின்டெண்டோவும் சோனியும் தங்கள் சொந்தத் தளங்களில் ஓராண்டு வாரன்ட்டியோடு அவற்றை விற்கின்றன. எல்லா நாளும் இருப்பு இருக்காது. ஆனால் சோதிப்பது அந்த இயந்திரத்தைச் செய்தவர்கள்.

இந்தியாவில் ஆன்லைனில் வாங்கி இப்படி ஏமாந்தால், 2020-இன் மின்வணிக விதிகளின்படி பழுதான பொருளையோ விளம்பரத்துக்கு மாறான பொருளையோ திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்க முடியாது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தொடங்கலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. நின்டெண்டோ அங்கே அதிகாரப்பூர்வமாக விற்பதில்லை என்பதால் ஸ்விட்ச் வாங்குபவர்கள் கூடுதலாக எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கையில் பில் கொடுக்கும் கடையாகப் பார்த்து வாங்குங்கள்.

அக்கா மகனுக்கு மார்ச் மாதம் சென்னையிலேயே ஒரு கடையில் புது பிஎஸ்5 வாங்கிக் கொடுத்தேன். அந்தப் பழைய கன்சோலைத் திருப்பி அனுப்பும்போது மேல் மூடியில் ஒரு தாள் ஒட்டினேன்: உள்ளே யாரோ பிரித்திருக்கிறார்கள், லிக்விட் மெட்டல் இல்லை, எண் பொருந்தவில்லை, தயவுசெய்து மறுபடி விற்காதீர்கள். அதை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கடைக்கு இரண்டு முறை எழுதிக் கேட்டேன். ரீஃபண்ட் முடிந்துவிட்டது, உங்கள் கோரிக்கை மூடப்பட்டது என்று மட்டும் பதில் வந்தது.